நெடும்பயணத்துக்கு முன் வண்டியில் எதை மாற்றுவது, பையில் எதை வைப்பது

கோவையிலிருந்தோ ஈரோட்டிலிருந்தோ கிளம்பி சேலத்தில் 44ஆம் எண் தேசிய நெடுஞ்சாலையைப் பிடித்துவிட்டால் ஸ்ரீநகர் வரைக்கும் ஒரே சாலை. அந்தச் சாலையில் பைக் ஓரங்கட்டி நிற்பதற்குக் காரணம் இன்ஜின் இறுகிச் சீஸ் ஆனதாக இருப்பது மிக அபூர்வம். கிளட்ச் கேபிள், டியூப், ஃபியூஸ், செயின் லாக் (செயினின் இரு முனையை இணைக்கும் கண்ணி), சைடு ஸ்டாண்ட் சுவிட்ச், ஆடி ஆடிக் கழன்று விழுந்த ஒரு போல்ட் என்று பெரும்பாலும் சில நூறு ரூபாய்க்குள் முடிகிற சமாச்சாரம்தான். அந்தச் சில நூறு ரூபாய்ச் சாமான் கையில் இல்லாத இடத்தில்தான் ஒரு நாள் போகும்.

ஒவ்வொரு உதிரிக்கும் இரண்டு கேள்வி போதும். போவதற்கு முன் அறிகுறி காட்டுமா? போய்விட்டால் வண்டியை மெல்லவாவது நகர்த்த முடியுமா? அறிகுறி காட்டித் தேய்கிறவற்றை வீட்டிலேயே மாற்றிவிட வேண்டும்: செயின் கிட், பிரேக் பேட், டயர், பேரிங். சொல்லாமல் கொள்ளாமல் போகிறவற்றைப் பையில் வைக்க வேண்டும்: கேபிள், லிவர், ஃபியூஸ், டியூப். இரண்டிலும் சேராதவற்றை விட்டுவிடலாம். கிளட்ச் பிளேட் செட்டையும் பிஸ்டன் ரிங்கையும் பையில் போட்டுக்கொண்டு போவது வெறும் சுமை. பிளேட் தேய்ந்தால் ஏற்றத்தில் ஆர்பிஎம் ஏறும், வேகம் ஏறாது. அதை இங்கேயே கண்டுபிடித்து இங்கேயே மாற்றலாம்.

இதில் பலர் கோட்டைவிடும் இடம் ஒன்று உண்டு. கிளம்புவதற்கு முந்தின நாள் சர்வீஸ் விடுவார்கள். புது கேபிள் முதல் சில நூறு கிலோமீட்டரில் கொஞ்சம் நீளும். புது பேட் டிஸ்க்கோடு படிய நேரம் எடுக்கும். புது செயின் ஒருமுறை தளர்ந்து பிறகு நிலைக்கும். ஆயிலை வடிக்கும் டிரெயின் போல்ட்டின் வாஷர் சரியாக உட்காராமல் ஆயில் கசியலாம். புதுச் சாமானிலேயே பழுது இருக்கலாம், பூட்டியவர் ஒரு நட்டை முறுக்க மறந்திருக்கலாம். இதெல்லாம் உள்ளூரில் தெரிந்தால் அரை மணி நேர வேலை, ஆதிலாபாத் தாண்டித் தெரிந்தால் கதையே வேறு. ஆகவே எல்லா மாற்றமும் கிளம்புவதற்கு 500 முதல் 1,000 கிலோமீட்டர் முன்னால் முடிந்திருக்க வேண்டும். கழற்றிய பழையதில் இன்னும் ஓடக்கூடியது இருந்தால், அதுவே பையில் போகும் ஸ்பேர். பழைய கிளட்ச் கேபிள் உங்கள் வண்டியில் ஏற்கெனவே ஓடியது, நீளம் சரியாக இருக்கும், முனையில் இருக்கும் உலோகக் குண்டான நிப்பிள் பொருந்தும். கடையில் வாங்கிப் பிரிக்காமல் வைத்திருக்கும் புதுக் கேபிளைப் பற்றி அவ்வளவு உறுதியாகச் சொல்ல முடியாது. முடிந்தால் புதியதைப் பூட்டி, பழையதைப் பையில் வையுங்கள்.

சோதனை ஓட்டம்

மாற்றி முடித்த பிறகு, பயணத்தில் ஏற்றப்போகும் மொத்தச் சுமையோடு, பின்னால் ஆள் உட்காருவதாக இருந்தால் அவரோடும், ஒரு மலை ஏறி இறங்குங்கள். பொள்ளாச்சிப் பக்கத்தவருக்கு ஆழியாறு வழியாக வால்பாறை, 40 கொண்டை ஊசி வளைவு. நாமக்கல், சேலம் பக்கத்தவருக்குக் கொல்லிமலை, 70 வளைவு. சத்தி, கோபிக்காரர்களுக்குத் திம்பம், 27 வளைவு. ஏற்றம் கிளட்சையும் இன்ஜின் சூட்டையும் சோதிக்கும். இறக்கம் பிரேக்கைச் சோதிக்கும். வளைவுகள் ஸ்டீயரிங் கோன் செட்டையும், பின் சக்கரத்தைத் தாங்கும் ஸ்விங் ஆர்மின் புஷ்ஷையும் காட்டிக்கொடுக்கும்.

இறங்கி வந்ததும் ஸ்பேனரை எடுத்து, கண்ணுக்குத் தெரியும் ஒவ்வொரு போல்ட்டையும் ஒருமுறை தொட்டுப் பாருங்கள். கேரியர், சைலன்சர், ஃபுட்ரெஸ்ட், நம்பர் பிளேட், மட்கார்டு. தளர்ந்திருந்ததை வெறுமனே முறுக்கிவிட்டால் மறுபடியும் தளரும். உள்ளே நைலான் வளையம் உள்ள நைலாக் நட் போடுங்கள், அல்லது மரையைப் பிடித்துக்கொள்ளும் நீல நிறப் பசையான திரெட் லாக்கர் ஒரு சொட்டு விடுங்கள். முறுக்கிய பிறகு வெள்ளைப் பெயின்ட் மார்க்கரால் போல்ட்டின் தலையிலிருந்து பிரேம் வரை ஒரு கோடு இழுத்துவிட்டால், பயணத்தில் காலையில் ஒரு பார்வையிலேயே எது நகர்ந்தது என்று தெரிந்துவிடும்.

சமதளத்தில் பிரேக்கை அதிகம் தொடாமல் இருபது கிலோமீட்டர் ஓட்டி நிறுத்தி, இரண்டு ஹப்பையும் புறங்கையால் மெல்லத் தொடுங்கள். ஒன்று மட்டும் சுடுகிறதென்றால் பேரிங் போகிறது, அல்லது பிரேக் விடாமல் பிடிக்கிறது.

செயின் கிட்

100 முதல் 160 சிசி வண்டிகளில் பெரும்பாலும் 428 அளவு செயின், 200 சிசிக்கு மேல் பெரும்பாலும் 520. அளவு செயினின் பக்கத் தகட்டிலேயே பொறித்திருக்கும். தேய்மானத்தைக் கண்ணால் மதிப்பிடாமல் அளந்துவிடுங்கள். செயினை இழுத்துப் பிடித்து, ஒரு பின்னின் நடுவிலிருந்து எண்ணி இருபதாவது கண்ணி தாண்டிய பின்னின் நடு வரை அளவு எடுக்க வேண்டும். புது 428 செயினில் இது 254 மி.மீ., புது 520 செயினில் 317.5 மி.மீ. ஊருக்குள் ஓட்ட இன்னும் கொஞ்சம் நீண்டாலும் பரவாயில்லை. ஆனால் 5,000 கிலோமீட்டர் போகிறவர் ஒரு சதவீதம் நீண்டதுமே, அதாவது 428இல் 256.5, 520இல் 321 மி.மீ. தொட்டதுமே மாற்றிவிடுவது நல்லது. இடையில் ஸ்ப்ராக்கெட் பல் சுறா துடுப்பு மாதிரி ஒரு பக்கம் சாய்ந்திருந்தால் அளவே எடுக்க வேண்டாம், மாற்ற வேண்டியதுதான்.

மாற்றும்போது செயின், முன் ஸ்ப்ராக்கெட், பின் ஸ்ப்ராக்கெட் மூன்றையும் சேர்த்தே மாற்றுங்கள். தேய்ந்த பல் புதுச் செயினைச் சீக்கிரம் நீட்டிவிடும். கோவையின் எல்.ஜி. பாலகிருஷ்ணன் நிறுவனத்து ரோலான் செயின் நம் பக்கம் எந்த ஸ்பேர்ஸ் கடையிலும் கிடைக்கும். எந்தக் கம்பெனி வாங்கினாலும், முதலில் இருந்தது ஓ ரிங் (கண்ணிகளுக்கு இடையே ரப்பர் வளையம் உள்ள) செயினென்றால் மாற்றுவதும் ஓ ரிங்காகவே இருக்கட்டும். விலைக்காகச் சாதாரணச் செயின் போட்டால் மழையில் இரண்டு நாளிலேயே துரு ஏறிச் சத்தம் போடும். கூடவே பின் ஹப்புக்குள் இருக்கும் கப்ளிங் ரப்பரையும் பாருங்கள். ஸ்ப்ராக்கெட்டைக் கையால் முன்னும் பின்னும் ஆட்டும்போது சக்கரம் அசையாமல் அது மட்டும் தொளதொளவென்று ஆடினால் ரப்பர் முடிந்தது. கியர் மாற்றும்போதெல்லாம் அந்த அடி செயின் மேல் விழும்.

தொய்வு எவ்வளவு என்று ஸ்விங் ஆர்மில் ஸ்டிக்கர் இருக்கும். சக்கரத்தைச் சுற்றிச் சுற்றி, செயின் எங்கே மிக இறுக்கமாக இருக்கிறதோ அந்த இடத்தில்தான் அளக்க வேண்டும். சுமை ஏறினால் சஸ்பென்ஷன் இறங்கும், செயின் மேலும் இறுகும். “லூஸா இருக்குதுங்க” என்று சொல்லி இழுத்துக் கட்டுகிறவர்கள் அதிகம். தளர்ந்த செயின் சத்தம் போடும், இறுகிய செயின் சத்தமில்லாமல் கியர்பாக்ஸ் அவுட்புட் பேரிங்கைத் தின்னும். சந்தேகம் இருந்தால் தளர்வுப் பக்கமே நில்லுங்கள்.

வழியில் 500 கிலோமீட்டருக்கு ஒருமுறை, மழையில் ஓடினால் அன்றன்று மாலையே, செயின் சூடாக இருக்கும்போது எண்ணெய் விடுங்கள். ஸ்ப்ரே தீர்ந்துவிட்டால் லாரிகள் நிற்கும் எந்த ஊரிலும் 90 நம்பர் கியர் ஆயில் கிடைக்கும், அது போதும். கழுவ மண்ணெண்ணெய் நல்லது, இப்போது கிடைப்பது கஷ்டம், டீசல் போதும். பெட்ரோல் ஓ ரிங்கைக் காயவைத்து வெடிக்க வைக்கும், கிட்டக் கொண்டுபோகாதீர்கள்.

பையில் முழுச் செயின் வேண்டாம். அதே கம்பெனி, அதே அளவு செயின் லாக் இரண்டு. ஓ ரிங் செயின் பெரும்பாலும் ரிவெட் அடித்து வருவது, அதனால் கிளிப் வகை லாக்கும் சின்னச் செயின் பிரேக்கரும் தனியாக வாங்க வேண்டும். புதுச் செயின் நீளமாக வந்து வெட்டி மாட்டியிருந்தால், வெட்டிய துண்டைத் தூக்கிப் போடாமல் வையுங்கள். கிளிப்பை மாட்டும்போது மூடிய வளைவு செயின் ஓடும் திசையைப் பார்த்திருக்க வேண்டும், திறந்த வாய் பின்னால். மாற்றிப் போட்டால் கல்லிலோ செயின் கார்டிலோ இடித்துக் கழன்றுவிடும்.

கேபிளும் லிவரும்

கிளட்ச் கேபிள் அறுவது பெரும்பாலும் லிவரை ஒட்டி, நிப்பிளுக்குப் பக்கத்தில்தான். லிவரில் நிப்பிள் உட்காரும் குழியில் கிரீஸ் காய்ந்துவிட்டால், ஒவ்வொரு முறை பிடிக்கும்போதும் நிப்பிள் சுழலாமல் கம்பி அந்த இடத்தில் மடங்கி மடங்கி இழை இழையாக விடும். ரப்பர் மூடியை விலக்கிப் பார்த்தால் ஓரிரு இழை நீட்டிக்கொண்டிருக்கும். அப்படி இருந்தால் அந்தக் கேபிள் ஸ்பேருக்குக்கூட ஆகாது. இழை எதுவும் விடாத, ஆனால் 15,000 கிலோமீட்டருக்கு மேல் ஓடிய கேபிளை மாற்றிப் பையில் வைக்கலாம். நிப்பிள் குழிக்குக் கிரீஸ் போட இரண்டு நிமிடம் ஆகாது, ஆனாலும் சர்வீஸில் இதை யாரும் செய்வதில்லை. கேட்டுச் செய்யச் சொல்லுங்கள்: “அண்ணா, லிவரைக் கழட்டி நிப்பிளுக்கு ஒருக்கா கிரீஸ் வெச்சுருங்க.”

கிளட்ச், ஆக்சிலரேட்டர் இரண்டு ஸ்பேர் கேபிளையும் ஓடிக்கொண்டிருக்கும் கேபிளுக்குப் பக்கத்திலேயே வழியோடு வழியாகப் பதித்து, இரண்டு முனையிலும் டேப் சுற்றிக் கட்டிவிடலாம். அறுந்தால் டாங்கைக் கழற்றாமல் முனையை மட்டும் மாற்றிப் பத்து நிமிடத்தில் கிளம்பலாம். பதித்த பிறகு ஹேண்டில்பாரை இடமும் வலமும் கோடி வரை திருப்பிப் பாருங்கள். திருப்பும்போது இன்ஜின் ஆர்பிஎம் ஏறினால் கேபிள் எங்கோ இழுபடுகிறது. ஓரிரு ஸ்க்ரூ நிப்பிளும் வைத்திருங்கள். சைக்கிள் கடையில் சொற்ப விலைக்குக் கிடைக்கும், ஸ்பேர் கேபிளும் போய்விட்டால் அறுந்த கம்பியையே இழுத்து மாட்டி அடுத்த ஊர் சேரலாம்.

கிளட்ச் லிவர், பிரேக் லிவர் இரண்டும் கட்டாயம். நின்ற இடத்தில் வண்டி சாய்ந்தாலே நுனி உடையும். லிவர் கிளாம்ப் போல்ட்டை மிக இறுக்காமல், கையால் பலமாகத் திருப்பினால் சுழலும் அளவுக்கு விட்டுவைத்தால், விழும்போது லிவர் உடையாமல் திரும்பிக்கொள்ளும்.

கிளட்ச் கேபிளுக்கு எந்த வழியும் இல்லையென்றால்: இன்ஜினை நியூட்ரலில் ஓடவிட்டு, சரிவில் உருட்டி, நடை வேகம் வந்ததும் முதல் கியரைத் தட்டுங்கள். மேல் கியருக்கு ஆக்சிலரேட்டரைச் சட்டென்று விட்ட அதே கணத்தில் மெல்ல அழுத்தினால் விழும். நிற்பதற்கு முன்பே நியூட்ரல். ஊருக்குள்ளும் மலை இறக்கத்திலும் இதைச் செய்யாதீர்கள்.

சக்கரம்

வீல் பேரிங்கைச் சோதிக்கச் சென்டர் ஸ்டாண்டில் நிறுத்தி, டயரை மேலும் கீழும் பிடித்து எதிரெதிராக ஆட்டுங்கள். டக்டக் என்று லேசாக ஆடினாலே மாற்ற வேண்டும். கழற்றும்போது பேரிங் மேல் பொறித்த எண்ணை எழுதி வையுங்கள். பைக் சக்கரத்தில் வருவதெல்லாம் உலகப் பொது அளவுகள்தாம். 6202 என்றால் உள்விட்டம் 15, வெளிவிட்டம் 35, அகலம் 11 மி.மீ. 6203 என்றால் 17, 40, 12. 6301 என்றால் 12, 37, 12. கம்பெனி ஷோரூமில் மட்டும்தான் கிடைக்கும் என்று நினைத்து நாள்கணக்கில் காத்திருப்பவர்கள் உண்டு. தண்ணீர் மோட்டாரும் மாவரைக்கும் கிரைண்டரும் இதே வரிசைப் பேரிங்கில்தான் ஓடுகின்றன. மோட்டார் காயில் கட்டும் கடை எந்தச் சிற்றூரில் இருந்தாலும் அங்கே பெரும்பாலும் கிடைக்கும். இருபுறமும் ரப்பர் சீல் உள்ளதா, எண்ணுக்குப் பின்னால் 2ஆர்எஸ் என்று இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். மாற்றினால் ஹப்பின் இருபக்கமும் சேர்த்தே மாற்றுங்கள், நடுவில் இருக்கும் ஸ்பேசரை மறந்துவிடாமல் உள்ளே வையுங்கள். ஸ்பேசர் இல்லாமல் ஆக்ஸிலை முறுக்கினால் புதுப் பேரிங் நூறு கிலோமீட்டர்கூடத் தாங்காது.

டயரின் பக்கச் சுவரில் நான்கு இலக்க எண் ஒன்று இருக்கும். 2321 என்றால் 2021ஆம் ஆண்டு 23ஆம் வாரத்தில் தயாரானது. கோடு நன்றாக இருந்தாலும் ஐந்து வருடம் தாண்டியதை நெடும்பயணத்துக்கு நம்ப வேண்டாம். கோட்டுக்கு நடுவே உள்ள தேய்மான மேடு தெரிய இன்னும் 3,000 கிலோமீட்டர்தான் இருக்கிறது, பயணமோ 5,000 என்றால் இப்போதே மாற்றிவிட்டு, பழையதை வந்தபின் ஊருக்குள் ஓட்டித் தீர்க்கலாம்.

ஸ்போக் வீல் வண்டிக்கு முன், பின் இரண்டு டியூபும் வேண்டும். இடமே இல்லையென்றால் முன் டியூப் ஒன்று. முன் சக்கரம் பெரிதாக இருக்கும் வண்டியில் அந்த டியூபைப் பின்னால் திணித்து மெதுவாக அடுத்த பஞ்சர் கடை வரை போகலாம். டயர் லீவர் இரண்டு போதாது, மூன்று. டயரின் ஓரத்தை ரிம்மிலிருந்து பெயர்ப்பதுதான் கஷ்டம். இன்னொரு வண்டி கூட இருந்தால் சக்கரத்தைத் தரையில் படுக்கவைத்து, அந்த வண்டியின் சைடு ஸ்டாண்டை டயர் ஓரத்தில் வைத்து வண்டியைச் சாய்த்தால் பெயர்ந்துவிடும். புது டியூபை நுழைக்கும் முன் டயரின் உட்புறத்தைக் கையால் ஒரு சுற்றுத் தடவுங்கள். முள் இன்னும் அங்கேயே இருக்கும், பழைய துணியைச் சுற்றிக்கொண்டு தடவுங்கள். டியூபுக்குக் கொஞ்சம் காற்று அடித்து வட்டமாக்கிவிட்டு உள்ளே வைத்தால் லீவர் கடிக்காது.

டியூப்லெஸ் என்றால் பஞ்சர் கிட், பத்து ஸ்ட்ரிப், ரப்பர் சொல்யூஷன், பேட்டரியில் ஓடும் சின்னக் கம்ப்ரசர். ஆணி எந்தச் சாய்வில் ஏறியிருக்கிறதோ அதே சாய்வில் ரீமரை விட்டு ஏழெட்டு முறை மேலும் கீழும் இழுங்கள், ஓட்டை சொரசொரப்பாக வேண்டும். ஸ்ட்ரிப்பை ஊசியில் நடுவாகக் கோர்த்து, சொல்யூஷன் தடவி, இரு வாலும் ஒரு சென்டிமீட்டர் வெளியே நிற்கும்வரை குத்தி, ஊசியைத் திருகாமல் சட்டென்று இழுங்கள். வாலை ஒட்ட வெட்டாமல் 3 மி.மீ. விட்டு வெட்டுங்கள். காற்று அடித்து எச்சில் தடவிப் பார்த்தால் குமிழி தெரியும். பக்கச் சுவரில் குத்தியிருந்தால் ஸ்ட்ரிப் நிற்காது, முயற்சி செய்யவும் வேண்டாம்.

பிரேக்

பேடில் 2 மி.மீ.க்குக் கீழ் இருந்தால் மாற்றுங்கள். பயணத்துக்காக முன்கூட்டியே மாற்றி, கழற்றியதில் 2.5 மி.மீ. இருந்தால் அதுவே ஸ்பேர். பிரேக் ஆயில் காற்றின் ஈரத்தை உறிஞ்சும். ஈரம் சேரச் சேரக் கொதிநிலை இறங்கும். ஊட்டியிலிருந்து கல்லாறு வரை பிரேக்கைத் தேய்த்துக்கொண்டே இறங்கும்போது அந்த ஈரம் கொதித்து ஆவியாகி, லிவர் ஹேண்டிலைத் தொடும் அளவுக்கு உள்ளே போய்விடும். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை முழுவதும் மாற்ற வேண்டும். பெரும்பாலான வண்டிக்கு டாட் 4, மூடியிலேயே எழுதியிருக்கும். டாட் 5 சிலிகான் வகை, இரண்டையும் கலக்கக் கூடாது. வழியில் லிவர் பஞ்சாகிவிட்டால் நிறுத்தி அரை மணி நேரம் ஆறவிடுங்கள், பிடிப்பு திரும்பும். திரும்பியதே என்று பழைய வேகத்தில் இறங்காதீர்கள். எந்தக் கியரில் ஏறுவீர்களோ அதே கியரில் இறங்கினால் இந்தப் பிரச்சினையே பெரும்பாலும் வராது.

பேட் மாற்றிய பிறகு வண்டியை நகர்த்தும் முன் லிவரை நான்கைந்து முறை அடித்து இறுக்கம் வந்ததா என்று பாருங்கள். முதல் அழுத்தத்தில் பிரேக் இருக்காது.

கரண்ட் சமாச்சாரம்

மல்டிமீட்டர் ஒன்று கட்டாயம், மலிவானதே போதும். இரவு முழுக்க நின்ற பேட்டரி காலையில் 12.4 வோல்ட்டுக்கு மேல் இருக்க வேண்டும். இன்ஜினை 4,000 ஆர்பிஎம்மில் வைத்து அளந்தால் 13.8 முதல் 14.5 வரை. 13க்குக் கீழே நின்றால் சார்ஜ் ஏறவில்லை, 15ஐத் தாண்டினால் ரெகுலேட்டர் போகப்போகிறது. அது பேட்டரியைக் கொதிக்கவைத்து, இன்ஜினை இயக்கும் சின்னக் கணினியான ஈசியூவையும் கெடுக்கும். மூன்று வருடமான பேட்டரியை யோசிக்காமல் மாற்றுங்கள். கிக்கர் இல்லாத எஃப்ஐ (ஃபியூயல் இன்ஜெக்‌ஷன்) வண்டியில் பேட்டரி அடியோடு இறங்கிவிட்டால் தள்ளினாலும் கிளம்பாது, பெட்ரோல் பம்புக்கே கரண்ட் போதாது.

ஃபியூஸ் பெட்டியில் இருக்கும் ஒவ்வொரு அளவிலும் இரண்டு வையுங்கள். ஒரே ஃபியூஸ் திரும்பத் திரும்பப் போனால் பெரிய அளவைப் போடாதீர்கள், சிகரெட் பெட்டியின் ஈயத்தாளைச் சுற்றாதீர்கள். வயரிங்கே உருகும். முதலில் ஸ்டீயரிங் கழுத்தைப் பாருங்கள். ஹேண்டிலைத் திருப்பித் திருப்பி வயர்க்கட்டு உரசித் தோல் உரியும் இடம் அதுதான். அடுத்து, பிறகு மாட்டிய ஃபாக் லைட், மொபைல் சார்ஜர் வயர்கள். அவற்றுக்குத் தனி ஃபியூஸும் ரிலேயும் இல்லாமல் இருந்தால் பயணத்துக்கு முன்பே போட்டுவிடுங்கள்.

இப்போதைய வண்டிகளில் ஆளைக் குழப்பும் கோளாறு சைடு ஸ்டாண்ட் சுவிட்ச். நியூட்ரலில் ஸ்டார்ட் ஆகும், கியர் போட்டதும் அணையும். சேறு அடைத்திருக்கும், அல்லது வயர் அறுந்திருக்கும். முதலில் தண்ணீர் அடித்துக் கழுவி டபிள்யூடி-40 விடுங்கள். சரியாகவில்லையென்றால், இரண்டு வயர் மட்டும் உள்ள சுவிட்சில் பெரும்பாலான வண்டிகளுக்கு அந்த இரண்டையும் இணைத்துவிட்டால் ஓடும். மூன்று வயர் வந்தால் அது சென்சார் வகை, இணைக்கக் கூடாது. இணைத்து ஓட்டுகிறவர் ஸ்டாண்டைத் தட்டிவிட்டோமா என்று ஒவ்வொரு முறையும் தானே பார்த்துக்கொள்ள வேண்டும்.

ஸ்பார்க் பிளக் உங்கள் வண்டிக்கு எத்தனையோ அத்தனை. பல்சர் டிடிஎஸ்ஐ வகைகளில் இரண்டு, 200 என்எஸ்ஸில் மூன்று. கையால் கடைசி வரை திருகி, புதியதென்றால் ஸ்பேனரால் அரைச் சுற்று, பழையதென்றால் எட்டில் ஒரு சுற்று. ஹெட் அலுமினியம், பலத்தைக் காட்டினால் மரை போய்விடும்.

ஆயில், பெட்ரோல், ஃபில்டர்

இன்ஜின் ஆயிலைக் கிளம்புவதற்கு முன்னால் மாற்றி, கால் லிட்டர் கூடவே எடுத்துக்கொள்ளுங்கள். வழியில் அளவு குறைந்து அதே கிரேடு கிடைக்கவில்லையென்றால், ஜாசோ எம்ஏ அல்லது எம்ஏ2 என்று எழுதிய எந்த பைக் ஆயிலும் சரி. அதுவும் இல்லாத இடத்தில் லாரிக்கு ஊற்றும் 15டபிள்யூ40 கொஞ்சம் சேர்த்து ஊர் சேரலாம். காருக்கு ஊற்றும் மெல்லிய ஆயில் மட்டும் வேண்டாம், வழுக்கும் சேர்மானம் இருப்பதால் கிளட்ச் ஸ்லிப் ஆகும்.

ஆடி மாதம் பல்லடம், உடுமலைப் பக்கம் காற்றோடு வரும் புழுதியில் தினமும் ஓடிய வண்டியென்றால் ஏர் ஃபில்டரைக் கணக்குப் பார்க்காமல் மாற்றுங்கள். கார்புரேட்டர் வண்டியில் பெட்ரோல் டியூபை மடக்கிப் பாருங்கள். எத்தனால் கலந்த பெட்ரோலில் பழைய ரப்பர் கெட்டியாகி வெடிப்பு விட்டிருக்கும், ஒரு முழம் புது டியூபும் இரண்டு கிளிப்பும் பெரிய செலவல்ல. எஃப்ஐ வண்டியில் பம்ப் டாங்குக்குள் பெட்ரோலில் மூழ்கிக் குளிர்வது. ரிசர்வுக்குக் கீழே விட்டு விட்டு ஓட்டுவது பம்பைச் சாகடிக்கும் சுலபமான வழி.

லேத்தில் செய்ய வேண்டிய வேலை ஏதாவது இருந்தால் இங்கேயே முடித்துக்கொண்டு கிளம்புங்கள். தேய்ந்த ஸ்விங் ஆர்ம் புஷ், மரை போன டிரெயின் ஓட்டை, கோணலான டிரம், பெட்டி மாட்டும் பிராக்கெட். கோவையில் கணபதி, ஆவாரம்பாளையம் பக்கம் ஒரு பட்டறையில் அன்றைக்கே முடிகிற வேலை, வேறு மாநிலத்தில் யாரிடம் கேட்பது என்றே தெரியாது. பெட்டிக் கேரியருக்கு எட்டு மி.மீ. போல்ட், தலையில் 8.8 என்று பொறித்தது. சாதாரண ஆறு மி.மீ. போல்ட் சுமையோடு பள்ளத்தில் விழும்போது கத்தரித்த மாதிரி முறியும்.

பையில் போக வேண்டியவை

மேலே சொன்னவை போக: எம்6, எம்8 போல்ட் நட் வாஷர் தலா நான்கு, கேபிள் டை இருபது பெரியதும் சிறியதுமாக, கட்டுக்கம்பி இரண்டு மீட்டர், இன்சுலேஷன் டேப், எம்-சீல், ஃபெவிக்விக், ஒரு மீட்டர் ஒயர், பழைய சைக்கிள் டியூப் ஒரு துண்டு, தலையில் மாட்டும் டார்ச், ரப்பர் கையுறை. குளியல் சோப்பு ஒன்று எப்படியும் பையில் இருக்கும். பெட்ரோல் டாங்கில் மயிரிழை வெடிப்பு விட்டுக் கசிந்தால் அந்தச் சோப்பைத் தேய்த்து அடைக்கலாம், பெட்ரோல் அதைக் கரைக்காது. இன்ஜின் மூடி கல்லில் அடித்து ஓட்டையானால், பெட்ரோலால் துடைத்து, நன்றாக உலரவிட்டு, எம்-சீல் அப்பி ஒரு மணி நேரம் கல்லாகும்வரை காத்திருங்கள். ஈரத்தில் ஒட்டாது.

டூல்ஸ் விஷயத்தில் கடையில் விற்கும் நாற்பத்தாறு பீஸ் பெட்டியை வாங்காதீர்கள். 8, 10, 12, 14, 17 ஸ்பேனர், 4, 5, 6, 8 ஆலன் கீ, உங்கள் வண்டியின் பிளக் ஸ்பேனர், இரண்டு ஆக்ஸில் நட்டுக்கும் பொருந்தும் ஸ்பேனர், கட்டிங் பிளையர், இருமுனை ஸ்க்ரூ டிரைவர். இவற்றை மட்டும் வைத்துக்கொண்டு, வேறு எதையும் தொடாமல், வீட்டு வாசலில் பின் சக்கரத்தைக் கழற்றி மாட்டிப் பாருங்கள். எது குறைகிறது என்று அப்போதே தெரியும். சர்வீஸில் காற்றுத் துப்பாக்கியால் முறுக்கிய ஆக்ஸில் நட், கைஸ்பேனருக்கு அசையாது. சென்டர் ஸ்டாண்ட் இல்லாத வண்டியில் சக்கரத்தைத் தூக்க எதை வைப்பது என்பதும் அங்கேதான் புரியும்.

பண்டிப்பூர், முதுமலை வழியாகப் போகிறவர்கள் காட்டுக்குள் நுழையும் முன்பே, அதாவது கூடலூரிலோ குண்டலுப்பேட்டையிலோ, செயினையும் டயரையும் பார்த்துவிடுங்கள். இரவு 9 முதல் காலை 6 வரை அந்தச் சாலைகளில் போக்குவரத்துத் தடை. பண்ணாரிக்கு மேல் திம்பம் பாதையிலும் இரவுத் தடை உண்டு. பகலிலும் காட்டுக்குள் வண்டியை நிறுத்திப் பஞ்சர் ஒட்ட முடியாது. காற்று மெதுவாகத்தான் இறங்குகிறதென்றால் கம்ப்ரசரால் அடித்து அடித்துச் சோதனைச் சாவடி வரை வந்துவிடுவதே வழி.

எதுவும் சரிப்படாமல் வண்டியைக் குட்டியானையில் ஏற்ற நேர்ந்தால், கட்டுவதில் கவனம். முன் சக்கரத்தைக் கேபினை ஒட்டி நேராக முட்டவைத்து, முதல் கியரில் விட்டு, பெட்ரோல் டேப் இருந்தால் மூடுங்கள். ஹேண்டில் கிரிப்பில் கயிறு கட்டாதீர்கள், திருகிக்கொள்ளும். முன் ஃபோர்க்கின் மேல் பிடியில் இருபுறமும் கட்டி, ஷாக் பாதி அழுந்தும்வரை கீழ்நோக்கி இறுக்குங்கள். பின்னால் கேரியரில் கட்டாமல் பிரேமில் இருபுறமும் கட்டுங்கள். சைடு ஸ்டாண்டை மடக்கிவிடுங்கள். ஸ்டாண்ட் மேல் பாரம் நின்றால் பள்ளத்தில் குதிக்கும்போது அதன் பற்றவைப்பு விட்டுவிடும். இருபது கிலோமீட்டர் போனதும் டிரைவரை நிறுத்தச் சொல்லிக் கயிற்றை மறுபடி இறுக்குங்கள்.